காற்றை அளந்த பெண்மணி



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி மாணவர் பேரவையில் கேட்டார்கள். வருஷா வருஷம் எடிசன், ஐன்ஸ்டீன், சர்.சி.வி. ராமன் என்றுதான் வருகிறது. நான் அன்னா மணி என்று சொன்னேன். யாருங்க அது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் கிணற்றையும் மழையையும் நம்பித்தான் வெள்ளாமை. சாயங்காலம் செய்தி முடிந்து வானிலை அறிக்கை வரும்போது அப்பா எல்லாரையும் அதட்டி, பேசாம இருக்கச் சொல்லுவார். அந்த அறிக்கையில் வரும் மழை அளவு, காற்றின் வேகம் எல்லாம் எங்கிருந்து வருது என்று சின்ன வயசில் நான் யோசித்ததே இல்லை. எங்கோ ஒரு கருவி அளந்திருக்க வேண்டும். அந்தக் கருவியை யாரோ வரைந்து, கடைந்து, சரிபார்த்திருக்க வேண்டும். அந்த வேலைக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் அன்னா மணி அம்மையார்.

1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பீர்மேடு என்னும் மலையூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா சிவில் இன்ஜினீயர், ஏலக்காய்த் தோட்டமும் இருந்தது. வசதியான குடும்பம்தான். ஆனால் அந்த வீட்டிலும் பையன்களுக்குப் பெரிய படிப்பு, பெண்களுக்குக் கல்யாணம் என்பதுதான் வழக்கம்.

எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத் தோடு கொடுத்தார்களாம். அந்தப் பெண் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதைப் படித்தபோது எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்தது. நான் பாலிடெக்னிக்கில் சேரும்போது அம்மா தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் பீஸ் கட்டினாங்க. இன்னும் மீட்கவில்லை. அந்த வீட்டில் தோட்டை மறுக்க முடிந்தது, எங்க வீட்டில் கழற்றத்தான் முடிந்தது. இரண்டுமே படிப்புக்காகத்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1939ல் இயற்பியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த வருஷம் உதவித்தொகை கிடைத்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர்.சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: வைரங்களின் ஒளியை ஆராய்வது! சின்ன வயசில் வேண்டாம் என்ற வைரம் திரும்பி வந்துவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்தார். வைரத்திலிருந்து வரும் ஒளி ரொம்ப மங்கலானது. ஒரு நிறமாலைப் படம் புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். அதனால் பல ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே படுத்துத் தூங்கினார். 1942க்கும் 1945க்கும் இடையில் தன் ஒரே பெயரில் ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் டாக்டர் பட்டத்துக்காகத் தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். பட்டம் கிடைக்கவில்லை. காரணம், அவரிடம் எம்.எஸ்ஸி. இல்லையாம். ஆனர்ஸ் படித்திருக்கிறார், ராமனிடம் வேலை செய்திருக்கிறார், ஐந்து கட்டுரை அச்சாகியிருக்கிறது. எதுவும் கணக்கில் வரவில்லை. அந்த ஆய்வேடு பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் தங்கிவிட்டது. கடைசி வரை அவர் டாக்டர் அன்னா மணி ஆகவில்லை.

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போன வருஷம் ஒரு இடத்தில் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கப் போயிருந்தேன். டிப்ளமோவா, அப்படி ஓரமா நில்லும்மா என்று சொன்னார்கள். நின்றேன். என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நம்மில் பல பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். அன்னா மணிக்கு நடந்தது அதைவிடப் பெரிய அநியாயம். அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

அதே வருஷம் அரசு உதவித்தொகையில் கப்பலேறி இங்கிலாந்து போனார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டுமே. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். கருவி எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்று அடியிலிருந்து கற்றுக்கொண்டார்.

1948ல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனாவில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அதுவரை வெப்பமானி, காற்றழுத்தமானி மாதிரி சாதாரணக் கருவிகளுக்குக்கூட பிரிட்டனையே நம்பியிருந்தோம். எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் தலைமையில் அங்கே ஒரு பட்டறை உருவாகியிருந்தது. 1953ல் அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு அன்னா மணியிடம் வந்தது. அவருக்குக் கீழே 121 ஆண்கள்! எங்கள் வகுப்பில் லேத் முன்னால் ஒரு பெண் நின்றாலே வேடிக்கை பார்க்கிறார்கள். அது எழுபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

சுமார் நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்க வழி செய்தார். மழைமானி, காற்றுவேகமானி, காற்றுத்திசை காட்டி எதுவானாலும் ஒரே அளவு, ஒரே தரம். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. வெர்னியரில் சைபர் பிழையைப் பார்க்காமல் ரீடிங் எழுதி லேப் ஆசிரியரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு ஊரின் மழைமானி ஒரு மாதிரியும் பக்கத்து ஊரின் மழைமானி வேறு மாதிரியும் இருந்தால், இரண்டு ஊர் மழையை எப்படி ஒப்பிடுவது?

1957-58ல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு கொண்டாடப்பட்டபோது, நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை ஏற்படுத்தினார். அந்தக் கருவியின் தத்துவம் நமக்குத் தெரிந்ததுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் கறுப்புப் பூசிய தகடு. வெயில் பட்டுச் சூடாகும்போது வெப்பமின் இரட்டைகளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்தால் வெயிலின் அளவு கிடைக்கும். பிறகு 1960களில் பலூனில் கட்டி அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கும் வேலையில் ஈடுபட்டார். ஓசோனில் ஓட்டை என்று உலகம் பேச ஆரம்பித்தது 1985க்குப் பிறகுதான். 1963ல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதால், தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

1976ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஆனால் சும்மா உட்காரவில்லை. ராமன் ஆராய்ச்சிக் கழகத்துக்கே வருகைப் பேராசிரியராகப் போனார். பட்டம் கிடைக்காத ஆய்வேடு இருந்த அதே இடம்! 1980ல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு விவரக் கையேட்டை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து சூரியக் கதிர்வீச்சு பற்றி இன்னொரு நூல். 1983ல் காற்றின் ஆற்றல் பற்றிய விவரத் தொகுப்பு. அப்புறம் நாடு முழுக்கக் காற்றின் வேகத்தை அளக்கும் பெரிய கணக்கெடுப்பை நடத்தினார். இவை கதை மாதிரி படிக்கிற புத்தகங்கள் இல்லை. பக்கம் பக்கமாக எண்கள். ஆனால் எங்கே காற்றாலை வைக்கலாம், எங்கே சோலார் வைக்கலாம் என்று முடிவு செய்ய அந்த எண்கள்தான் முதலில் வேண்டும். முப்பந்தல், கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது சுற்றுகிற காற்றாலைகளைப் பார்த்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இந்த அளவீடுகளுக்கான கருவிகள் செய்யும் சிறு தொழிற்கூடமும் தொடங்கினார்.

1987ல் கே.ஆர். ராமநாதன் பதக்கம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1994ல் பக்கவாதம் வந்து முடங்கினார். 2001 ஆகஸ்டு 16ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

பட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் தோடு அடகில் இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த டிப்ளமோ எனக்கு வேண்டும், முடிந்தால் அதற்கு மேலும் படிக்க வேண்டும். அன்னா மணிக்கும் அந்தப் பட்டம் கிடைத்திருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் கிடைக்காதபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கையில் கிடைத்த வேலையைப் பிழையில்லாமல் செய்தார். பட்டறையும் வரைபடமும் அளவுகோலும் அவருடைய ஆயுதங்கள். அந்த மூன்றும் நம்மிடமும் இருக்கின்றன. இனிமேல் வொர்க்‌ஷாப்பில் ரீடிங் எடுக்கும்போது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாமல், நாமே ஒரு முறை சரியாக அளப்போம்.



— மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை