தூரிகையைத் துறந்தவர்... தெய்வங்களை வரைந்தார்!

தை பிறந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு வரவு உண்டு. ஒன்று, களத்துமேட்டிலிருந்து வரும் புது நெல். இன்னொன்று, அரிசி மண்டியிலும் மளிகைக் கடையிலும் சுருட்டிக் கொடுக்கிற சாமிப்பட காலண்டர்!

வருஷம் முடிந்ததும் எங்கள் பாட்டி அந்தக் காலண்டரைத் தூக்கிப் போட மாட்டார். தேதிக் கட்டை மட்டும் அடுப்பங்கரைக்குப் போகும். படத்தைக் கடைத்தெருவுக்குக் கொடுத்தனுப்பி, கண்ணாடி போட்டு வாங்கிவிடுவார். பூஜையறைச் சுவர் முழுக்க அப்படிச் சேர்ந்தவைதான். நடுவில் கஜலட்சுமி. வெள்ளிக்கிழமைதோறும் நெற்றியில் குங்குமம் வைத்து வைத்து, கண்ணாடியில் அந்த இடம் சிவந்தே போயிருந்தது. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர்... சி.கொண்டைய ராஜு.

உங்கள் வீட்டுப் பழைய படங்களிலும் இந்தப் பெயர் இருக்கலாம். ஆனால், இந்த மனிதர் ஒரு காலத்தில் தூரிகையே வேண்டாம் என்று விலகிப்போனவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கொண்டைய ராஜு பிறந்தது 1898-ல். படித்தது சென்னை ஓவியப் பள்ளியில். 1850-ல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியில் மேல்நாட்டு முறைப்படி ஓவியம் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணெய் வண்ணத்தைக் குழைத்து, வெளிச்சம் விழும் கன்னம் எது, நிழல் தங்கும் கழுத்து எது என்று பார்த்துப் பார்த்துத் தீட்டுகிற வித்தை அது. இதே முறையில்தான் ரவிவர்மா (1848-1906) தம் லட்சுமியையும் சரஸ்வதியையும் நம் வீட்டுப் பெண்கள் போலவே புடவை கட்டி நிற்க வைத்தார். கொண்டைய ராஜுவும் அதில் தேர்ந்தார். வேலை, கல்யாணம், குடும்பம் என்று வழக்கமான பாதை முன்னால் இருந்தது.

அவர் மனம் அதில் ஒட்டவில்லை. துறவு நாடி திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

தாயார் அழகம்மாள் 1922-ல் சமாதியடைந்த பிறகு, ரமண மகரிஷி மலையிலிருந்து இறங்கி வந்து அந்தச் சமாதி அருகிலேயே தங்கினார். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் ரமணாசிரமம். அங்கே ஒரு சாதுவாக வாழ்ந்தார் கொண்டைய ராஜு. அப்படியே இருந்திருந்தால் நமக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் அவருக்கான வழி ஓவியம்தான் என்று பகவானே அவரைத் திருப்பி அனுப்பியதாக, அவருடைய சீடர்கள் வழியாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. எல்லாவற்றையும் விட்டு வந்தவரிடம், விட்டதையே மறுபடி கையில் எடு என்றால் எப்படி இருந்திருக்கும்? ஆசிரமத்துக்கு வந்ததைவிட, அங்கிருந்து கிளம்பியதுதான் அவருக்குப் பெரிய துறவு என்று எனக்குத் தோன்றுகிறது.

திரும்பி வந்தவருக்கு மாளிகையோ மகாராஜாவோ காத்திருக்கவில்லை. கிடைத்தது நாடகக் கம்பெனியில் திரைச்சீலைக்குப் படம் எழுதுகிற வேலை! தர்பார், நந்தவனம், காடு, கடைவீதி என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படுதா. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தூண்கள் வரிசையாக உள்ளே போவதுபோலத் தெரிய வேண்டும். எண்ணெய் வண்ணம் படித்தவர் படுதா எழுதுவதா என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அவர் வரைந்த தெய்வங்களுக்குப் பின்னால் பாருங்கள்... பளிங்குத் தூண்கள், ஏரி, தூரத்து மலை. அத்தனையும் நாடக மேடை கொடுத்த சீதனம்!

1940-களின் தொடக்கத்தில், செண்பகவல்லி அம்மன் குடிகொண்டிருக்கும் கோவில்பட்டியில் அவர் தங்கிவிட்டார். சீடர் டி.எஸ்.சுப்பையா உடன் இருக்க, தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. பக்கத்திலேயே சிவகாசி. கல்கத்தாவில் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்த தீப்பெட்டித் தொழிலால், லேபிள் அடிக்கும் அச்சகங்கள் அங்கே பெருகியிருந்தன. அந்த அச்சகங்கள்தான் கொண்டைய ராஜுவின் முருகனையும் மீனாட்சியையும் கஜலட்சுமியையும் ஊர் ஊராக அனுப்பின.

இங்கே கொஞ்சம் தஞ்சாவூருக்குத் திரும்புவோம். பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, தங்கரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படங்கள் மராட்டிய மன்னர் காலத்திலேயே பெயர் பெற்றவை. அவற்றை வரைந்தவர்களில் ராஜுக்கள் பலர். (நம்மவர் பெயரிலும் ராஜு!) ஆனால் தங்கரேக்குப் படம் யார் வீட்டில் மாட்டியிருக்கும்? மிராசுதார் வீட்டுக் கூடத்தில். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர் குடிசைக்கு அது எங்கே போகும்? கோயிலுக்குள்ளேயே எல்லோரும் நுழைய முடியாதிருந்த காலம் அது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவே 1939 ஜூலையில்தான் அவர்களுக்குத் திறந்தது. அடுத்து வந்த வருஷங்களில் காலண்டர் காகிதத்தில், காசு வாங்காமல், அதே மீனாட்சி மண்சுவரிலும் வந்து உட்கார்ந்தாள்.

காலண்டர் படம்தானே என்று உதடு பிதுக்குகிறவர்கள் உண்டு. எல்லா அம்மனுக்கும் ஒரே முகம் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதற்காக, அந்த முகத்தைப் பார்த்ததும் கை தானாகக் குவிகிறதே, அதை இல்லையென்று சொல்ல முடியுமா?

கடைசி வரை கொண்டைய ராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம் என்று அவரிடம் கற்றவர்களும் காலண்டர் ஓவியத்தில் பெயர் எடுத்தார்கள். பல படங்களில் தம் பெயரோடு சீடர் பெயரையும் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். 1976-ல் அவர் மறைந்தார்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்தக் கஜலட்சுமியைக் கழற்றித் துடைத்தேன். மூலையில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே சுப்பையாவின் பெயரும் இருந்தது. பாட்டி அதைப் படித்ததே இல்லை. அவருக்கு அது கடைசி வரை, மண்டிக்காரர் கொடுத்த லட்சுமிதான்.