பத்தொன்பதரை நாளில் ஆஸ்திரேலியா!

லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே, வழியில் எங்கும் இறங்காத விமானப் போக்குவரத்து 2018-ம் ஆண்டில் தொடங்கிற்று. தூரம் சுமார் 9,000 மைல். நேரம் ஏறக்குறைய 17 மணி. சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடுகிறது. 1930-ல் அதே லண்டனிலிருந்து தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஆமி ஜான்ஸனுக்கோ பத்தொன்பதரை நாள் பிடித்தது!

ஆமி 1903-ல் ஹல் துறைமுகத்தில் ஒரு மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். ஷெபீல்டு சர்வகலாசாலையில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை. ஓய்வு நேரமெல்லாம் விமானக் கொட்டகையில்தான். ஓட்டக் கற்றதோடு நில்லாமல், கையில் எண்ணெய்க் கறையோடு எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும் கற்றார். அந்த வித்தைதான் பிற்பாடு அவரைக் காப்பாற்றியது.

தகப்பனாரும் வேக்பீல்டு பிரபுவும் கொடுத்த பணத்தில் பழைய 'ஜிப்ஸி மாத்' விமானம் ஒன்று வாங்கினார். அதற்கு 'ஜேஸன்' என்று பெயர். அது தகப்பனாரின் மீன் வியாபார முத்திரை! லண்டனிலிருந்து சொந்த ஊர் வரை பறந்ததே அதுவரை அவர் அதிகபட்சமாகச் சென்ற தூரம். இப்போதோ 11,000 மைல்!

மே 5-ந் தேதி கிராய்டனில் வழியனுப்ப வந்தவர்கள் சொற்பம். பாக்தாத்துக்கு முன்பே மணற்புயல் மடக்கிவிட்டது. பாலைவனத்தில் இறங்கி, விமானம் பறந்துவிடாமல் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆறாவது நாள் கராச்சி. 1928-ல் ஹிங்க்லர் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியா சேர்ந்திருந்தாரே, அவரைவிட இரண்டு நாள் முந்திவிட்டார். உலகம் அப்போதுதான் விழித்துப் பார்த்தது.

ஜான்சியில் பட்டாளத்தாரின் மைதானத்தில் இறங்கியபோது இறக்கை முறிந்தது; பழுது பார்த்துக்கொண்டு கிளம்பினார். ரங்கூனில் வந்தது பெரிய சோதனை. கொட்டும் மழையில், பந்தய மைதானம் என்று எண்ணி இன்ஸீனில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். விமானம் வாய்க்காலில் தலைகுப்புறப் பாய்ந்தது. அங்கிருந்த தொழிற்பள்ளியினர் இரவு பகலாக உழைத்து அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். உடைந்த சுழல் விசிறிக்குப் பதில், கையோடு கட்டிக் கொண்டுவந்திருந்த மாற்று விசிறி பொருந்திற்று. ஆனால் நாட்கள் போய்விட்டன. ஹிங்க்லரின் சாதனையும் கைநழுவியது.

தைமூர் தீவிலிருந்து 500 மைல் கடலைத் தாண்டி, மே 24-ந் தேதி டார்வினில் இறங்கினார். சாதனை முறியாவிட்டால் என்ன? ஒரு பெண் தனியே லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தது அதுவே முதல் தடவை. லண்டன் திரும்பியபோது வீதியெல்லாம் ஜனசமுத்திரம்.

1932-ல் ஜிம் மாலிஸன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு லண்டனிலிருந்து கேப்டவுனுக்குத் தனியே பறந்து, கணவருடைய சாதனையையே பத்து மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டினார்! 1938-ல் இருவரும் பிரிந்தனர்.

யுத்த காலத்தில் விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேர்ப்பிக்கும் பணி அவருக்கு. 1941 ஜனவரி 5-ந் தேதி பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகே ஒரு தளத்துக்குப் புறப்பட்டார். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய பிரயாணம். மேகமும் பனியும் வழியை மறைத்துவிட்டன. மூன்றரை மணி நேரத்துக்குப் பின், வழியை விட்டு வெகுதூரம் விலகி, தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் பாராசூட்டில் குதித்தார். அங்கே வந்த கப்பலின் தலைவர் வால்ட்டர் பிளெட்சர் உறைபனி நீரில் பாய்ந்தார், அவரும் உயிரிழந்தார். ஆமியின் உடல் அகப்படவே இல்லை.