கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்: ருடால்ஃப் டீசலின் கதை

டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் நீங்கள் ஊற்றும் டீசல், உண்மையில் ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில், ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போனது. பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பினார்கள். பிறகு மியூனிக்கில் பொறியியல் முடித்தார்.

அன்றைய நீராவி எஞ்சின்கள் பலவற்றில், எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறாது. டீசல் வேறு வழி யோசித்தார். காற்றை மிகவும் இறுக்கினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அதில் எரிபொருளைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1893-ல் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் தாங்காமல் அளவுக் கருவி வெடித்தது. அவர் விடவில்லை. 1897-ல், வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றும் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசின் விருப்பப்படி ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை நிறைய விளைந்ததே காரணம். அது மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின்தான்; மாற்றம் எதுவும் செய்யாமலே ஓடியது. டீசலும் பின்னர் சோதித்துப் பார்த்து, தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று 1912-ல் பேசினார். 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில் காணாமல் போனார். சில நாட்களில் கடலில் உடல் தென்பட்டது. அப்போது அவர் பெரும் கடனில் இருந்தார்.

அப்படியானால் நாமும் ஊற்றலாமா?

கூடாது. கடலை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியானது. இன்றைய எஞ்சினின் நுண்ணிய தெளிப்பானில் சரியாகத் தெளிக்காது. கரி படிந்து அடைத்துக்கொள்ளும். விலையும் டீசலைவிட அதிகம்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஜியோலைட்டைப் பயன்படுத்துகிறார்கள். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த கல் இது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கும். சுமார் 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில் எண்ணெய் ஆவி இதன் வழியே போகும்போது நீண்ட கொழுப்புச் சங்கிலிகள் உடைந்து, பெட்ரோல் போன்ற மெல்லிய எரிபொருள் கிடைக்கிறது. துளைகளில் கரி அடைத்தால், காற்றில் எரித்துவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். உணவுக்கு உதவாத வித்துகளின் எண்ணெயும், பொரித்து மீந்த எண்ணெயும் இதற்குப் போதும். ஆனால் இது ஆலையில் செய்யும் வேலை. வீட்டில் முயன்றால் தீ விபத்துதான்.

யாராவது எரிபொருள் பயிர் நடச் சொன்னால், விதையை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டாமணக்கை நம்பி நட்டு, விற்க இடமில்லாமல் தவித்தவர்கள் நம்மிடையே உண்டு.