நம்மவர் மகாகவி உள்ளூர் பரமேஸ்வர ஐயர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு தெருவில்தான் நான் வளர்ந்தேன். திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அந்தக் கடைவீதியில், அரிசி மண்டியிலும் பாத்திரக்கடையிலும் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழ் காதில் விழும். ஆத்தில் தமிழ்; பள்ளிக்கூடத்தில் மலையாளம். பாடப்புத்தகத்தில் 'உள்ளூர்' என்ற பெயரைக் கண்டபோது, யாரோ உள்ளூர்க்காரர் எழுதிய பாட்டு என்றே நினைத்தேன். அது திருவனந்தபுரத்தை அடுத்த ஓர் ஊரின் பெயர், எழுதியவர் நம்மைப் போலத் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் என்று என் தகப்பனார் சொல்லித்தான் தெரிந்தது.

பரமேஸ்வர ஐயர் 1877ஆம் வருஷம் ஜூன் 6ஆம் தேதி, சங்ஙனாசேரியை அடுத்த பெருன்னையில், தாயார் பகவதி அம்மாளின் ஊரில் பிறந்தார். தந்தை சுப்ரமணிய ஐயர் பள்ளி ஆசிரியர், உள்ளூரைச் சேர்ந்தவர். அவர் சீக்கிரமே காலமாகிவிட்டதால் குடும்பம் கஷ்டத்துக்கு ஆளாயிற்று. ஆனாலும் மகனின் படிப்பு நிற்கவில்லை. 1897ல் தத்துவத்தில் பி.ஏ. தேறினார்.

பட்டம் பெற்றதும் திருவிதாங்கூர் அரசுப் பணி. பள்ளி ஆசிரியர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமாஸ்தா, தாசில்தார், முன்சீப், திவான் பேஷ்கார் என்று படிப்படியாக உயர்ந்து, சிறிது காலம் தலைமைச் செயலாளர் பொறுப்பையும் வகித்தார். உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடி வைக்கவில்லை. வேலையில் இருந்துகொண்டே 1903ல் சட்டப் பட்டமும், 1905ல் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளில் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

நானும் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். சாயங்காலம் வீடு திரும்பினால் செய்தித்தாள் பிரிக்கவும் அலுப்பாக இருக்கும். அவரோ நிலவரிக் கணக்குகளைப் பார்த்துவிட்டு வந்து 'உமாகேரளம்' என்ற மகாகாவியத்தை எழுதினார். 'கர்ணபூஷணம்', 'பிங்களா', 'பிரேமசங்கீதம்' என்று தொடர்ந்து எழுதி, குமாரன் ஆசான், வள்ளத்தோள் ஆகியோருடன் நவீன மலையாளத்தின் மூன்று பெருங்கவிகளில் ஒருவரானார். 1937ல் திருவிதாங்கூர் மகாராஜா அவருக்கு மகாகவி பட்டம் அளித்தார்.

கவிதையை மதிப்பிடும் தகுதி விஞ்ஞானம் படித்த எனக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நாம் அவசியம் நினைவில் கொள்ள வேண்டும். 1932ல் அரசு அமைத்த கோயில் நுழைவு விசாரணைக் குழுவில் அவர் அங்கம் வகித்தார். கோயில் பக்கமே வரக்கூடாது என்று பல ஜாதியாரைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தை ஒட்டி அவர் இயற்றியது 'பக்திதீபிகை'. அதில் நரசிம்ம மூர்த்தியின் தரிசனம், கற்றறிந்த சனந்தனருக்கு முன்பாக, தீண்டத்தகாதவனாகக் கருதப்பட்ட சாத்தன் என்ற எளிய பக்தனுக்குக் கிடைக்கிறது. 1936 நவம்பர் 12ஆம் தேதி வெளியான கோயில் நுழைவுப் பிரகடனம் அந்தத் தடையை நீக்கியது. ஆசாரமான குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்த நாளில் அப்படி ஒரு கதையை எடுத்துப் பாடியது சாதாரண காரியமல்ல.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசை மொழிகள், நுண்கலைகள் துறைக்குத் தலைவராக இருந்தார். ஓலைச்சுவடிகளில் முடங்கிக் கிடந்த பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். அந்த உழைப்பின் பலன்தான் 'கேரள சாகித்ய சரித்திரம்'. மலையாளத்தோடு நிற்காமல், கேரள மண்ணில் பிறந்த சமஸ்கிருத, தமிழ் இலக்கியங்களுக்கும் அதில் இடம் கொடுத்தார். அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1949 ஜூன் 15ஆம் தேதி, 72வது வயதில் காலமானார். பிறகு பல்கலைக்கழகம் அதை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

அவர் வாழ்ந்த ஜகதி, சாலையிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. திருவனந்தபுரம் வரும் அங்கத்தினர்கள் பத்மநாபஸ்வாமி தரிசனம் முடிந்ததும் குழந்தைகளை அங்கேயும் அழைத்துப் போகலாம்.

நம் குடும்பங்கள் இன்று மும்பை, பெங்களூரு, டெல்லி என்று எங்கெங்கோ இருக்கின்றன. பேரக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரவில்லை என்ற குறை வீட்டுக்கு வீடு கேட்கிறது. குறை நியாயமானதுதான். ஆனால் குடியிருக்கும் ஊரின் பாஷையையாவது அவர்கள் ஒழுங்காகக் கற்கிறார்களா என்று நாம் கேட்பதில்லை. சோறு போட்ட மண்ணின் மொழிக்குத் தன் ஆயுளையே கொடுத்த உள்ளூர், தமிழிலும் எம்.ஏ. பட்டம் பெற்றவர். இரண்டையும் ஒருவரால் காப்பாற்ற முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவருக்கு நமது நமஸ்காரங்கள்.