பண்டாரவன்னியனின் குடிவழியும் பழைய பதிவுகளும்

குளமும் காடும் வயலும் சூழ்ந்த வன்னிப் பெருநிலப்பரப்பிலே கோயில் இல்லாத ஊர் இல்லை. பண்டாரவன்னியன் பெயரைக் கேள்விப்படாத வீடும் இல்லை. நாட்டுக்கூத்திலும் மேடை நாடகத்திலும் பாடசாலைப் பேச்சுப்போட்டியிலும் அவன் புகழ் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருகின்றது. ஆயினும் வீரனாக அவனை அறிந்த அளவுக்கு ஒரு குடும்பத்தின் பிள்ளையாக, ஒரு பெண்ணின் கணவனாக, ஒரு குலத்தின் முன்னோனாக அவனை அறிந்தவர் குறைவு. அவன் யாரை மணந்தான், அவன் வழியில் வந்தோர் யார், அவன் எப்போது காலமானான் என்பன இன்றும் முதியோர் கேட்கும் கேள்விகளாகவே உள்ளன.

சைவ மக்களாகிய நமக்கு இவை வெறும் சரித்திரக் கேள்விகள் அல்ல. பிதிர்க்கடன் செய்ய அமர்ந்தால் குருக்கள் முதலில் கேட்பது பெயரும் கோத்திரமும் காலமான மாதமும் பட்சமும் திதியுமே. தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லியே எள்ளும் நீரும் இறைக்கின்றோம். பெயர் தெரியாத இடத்தில் நா தடுமாறுகின்றது. நாட்டுக்கு முன்னோன் ஒருவனுக்கு விளக்கேற்றும்போதும் அதே தடுமாற்றம் உண்டாவது இயல்பே.

வன்னியர் குலத்தின் தொடக்கமே ஒரு கல்யாணக் கதையாக அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. வையாபுரி ஐயர் பாடிய வையாபாடல் என்னும் நூல், மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்து அரசனுக்கு மணமகளாக வந்த அரசகுமாரிக்குத் துணையாக வன்னியத் தலைவர்கள் வந்ததையும், அவர்கள் அடங்காப்பற்று எனப்பட்ட இந்நாட்டைத் தம் வசப்படுத்திக் குடியேறியதையும் கூறுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியர் வரலாற்றைப் பேசுகின்றது. கணவன்மார் மாண்ட செய்தி கேட்டு வன்னியரின் மனைவியர் தீப்பாய்ந்தனர் என்றும் அவர்களே நாச்சிமாராக வழிபடப்படுகின்றனர் என்றும் ஐதிகம் உண்டு. பண்டாரவன்னியனின் மனைவி பற்றிய கதைக்கு வரும்போது இந்த ஐதிகத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பிரிவுகளாக வன்னி ஆளப்பட்டது. இவற்றுள் பனங்காமம் நமது ஜெயபுரத்துக்குத் தெற்கே உள்ளது. போர்த்துக்கீசருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் வன்னியர்கள் யானைகளைத் திறையாகக் கொடுத்தனர். கொடுத்தனர் என்பதிலும் பார்க்க, கொடுக்காது பாக்கி வைத்தனர் என்பதே பொருந்தும். பாக்கிக் கணக்கு எழுதியே ஒல்லாந்த அதிகாரிகள் களைத்துப் போயினர் போலும்! யாழ்ப்பாணத்துக் குடிகளுக்கு ஒல்லாந்தர் தோம்பு எழுதி, யார் பிள்ளை யார், யார் காணி எது என்று வரிசைப்படுத்தி வைத்தனர். வன்னியிலோ தலைவர்கள் தாமே ஆண்டமையால், அந்நாளைய எழுத்துக்களில் குடும்பக் கணக்கை விட யானைக் கணக்கே முன்னுக்கு நிற்கின்றது.

அந்த எழுத்துக்களைப் பார்ப்பவர் முதலில் திகைப்பது பெயர்களைக் கண்டே. 1697இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி சுவார்டெகுரூன் எழுதிய அறிக்கையில் பனங்காமத்து வன்னியன் டொன் பிலிப் நல்லமாப்பாணன் என்று குறிக்கப்படுகின்றான். ஒல்லாந்தரை எதிர்த்து நின்று, பிடிபட்டுக் கொழும்புக் கோட்டையிலே சிறை வைக்கப்பட்ட வன்னிச்சி ஒருத்தியின் பெயர் மரியா செம்பாத்தி என்று காணப்படுகின்றது. அக்காலத்தில் ஞானஸ்நானமும் தேவாலயப் பதிவும் இல்லாதவர்களின் திருமணத்தையும் முதுசத்தையும் அரசாங்கம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஆகவே பதிவுக்கு ஒரு பெயரும் வீட்டுக்கு ஒரு பெயருமாகப் பலர் வாழ்ந்தனர். டொன் என்றும் மரியா என்றும் கண்டவுடன் இவர் நம்மவர் அல்லர் என்று ஏட்டை மூடிவிடுவோர் தமது பூட்டனையே தவறவிட்டு விடுவர். முன்பாதியை நீக்கி நல்லமாப்பாணன், செம்பாத்தி என்ற பின்பாதியைப் பார்க்க வேண்டும்.

செம்பாத்தியின் பெயர் இன்னொன்றையும் சொல்கின்றது. வன்னியில் பெண்ணும் ஆட்சிக்குரியவளாக இருந்தாள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையிலும் தாய்வழிச் சீதனம் மகளுக்குச் செல்வது தெளிவாக உள்ளது. எனவே தந்தை பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு குடிவழி தேடுவது பாதி வழியில் நின்றுவிடுவதாகும். தாய் எந்த ஊர், சீதனக் காணி எங்கே என்று கேட்பதே நம் நாட்டு முறைக்குப் பொருந்தும்.

இத்தகைய மரபிலே தோன்றியவன்தான் பண்டாரவன்னியன். குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்று அவனது முழுப்பெயர் வழங்கப்படுகின்றது. பண்டாரம் என்பது யாழ்ப்பாணத்து அரசருள் புவிராஜ பண்டாரம் போன்றோர் தாங்கிய சிறப்புப் பெயர். கண்டியிலும் உயர்குடியினர் பண்டார என்று அழைக்கப்பட்டனர். இதனைக் கொண்டு அவனை யாழ்ப்பாண அரச வமிசத்தோடு இணைப்பாரும், கண்டியோடு இணைப்பாரும் உளர். பட்டப்பெயரைப் பிறப்புச் சாட்சியாகக் கொள்வது சரியன்று. கயிலாய வன்னியன், பெரிய மெய்யனார் என இரு சகோதரரும், நல்லநாச்சாள் என ஒரு சகோதரியும் அவனுக்கு இருந்தனர் என்று வன்னி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

அவன் வாழ்ந்த காலம் வன்னிக்குச் சோதனைக் காலம். 1782இல் ஒல்லாந்தர் வன்னியரின் ஆட்சியை ஒடுக்கினர். நாகல் என்னும் அதிகாரி முல்லைத்தீவிலிருந்து வன்னியை நிருவகித்தான். 1795இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தனர். முல்லைத்தீவும் அவர்கள் கைக்கு மாறியது. திறை என்ற சொல் போய் வரி என்ற சொல் வந்தது. யானை பாக்கி வைத்தவர்களிடம் இப்போது நெல்லும் காசும் கேட்கப்பட்டன.

1803இல் ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்தனர். ஜூன் மாதத்தில் மேஜர் டேவி தலைமையிலான அவர்களது படை கண்டியில் சரணடைந்து அழிந்தது. இச்செய்தி காடு தாண்டி வன்னிக்கு வந்தது. பண்டாரவன்னியன் கண்டியாருடன் சேர்ந்து எழுந்தான். 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டை தாக்கப்பட்டது. அங்கிருந்த ஆங்கிலப் படை கடல் வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. கோட்டையும் பீரங்கியும் வன்னியன் வசமாயின. வெள்ளையர் வலுவோடிருந்த கரையோரத்திலேயே கோட்டை ஒன்றை ஒரு நாட்டுத் தலைவன் கைப்பற்றியமை அக்காலத்தில் சிறு காரியம் அன்று. வன்னி மக்கள் ஆகஸ்ட் 25ஐ வெற்றி நாளாக நினைவுகூருவது இதனாலேயே ஆகும்.

ஆங்கிலேயர் பல திசைகளிலிருந்தும் படைகளை அனுப்பினர். கப்டன் வொன் டிறிபேர்க் மன்னாரிலிருந்து காட்டு வழியே வந்து, 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் எதிர்பாராத வேளையில் தாக்கினான். வன்னியனின் படை சிதறியது. இழந்த பீரங்கியை ஆங்கிலேயர் மீட்டுக்கொண்டனர். அவ்விடத்திலே ஒரு கல் நாட்டப்பட்டது.

இந்தக் கல்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வெற்றி பெற்றவர்கள் தம் பெருமைக்காக நாட்டிய கல், தோற்றவனின் பெயரைக் காலம் கடந்து காத்தது. அதில் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது ஒரு செய்திதான். இன்ன நாளில், இவ்விடத்துக்கு அண்மையில், கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அது. கொன்றான் என்று அக்கல் சொல்லவில்லை. ஆனால் பின்வந்தோர் பலர் தோல்வி நாளையே மரண நாளாகக் கொண்டனர். போர்க்களத்தில் வீரன் விழுவதே காவியத்துக்கு அழகு என்பதால் நாடகம் எழுதியோரும் அவ்வாறே முடித்தனர். அது மக்கள் மனதில் பதிந்து ஒக்டோபர் 31 நினைவு நாளாயிற்று.

வன்னியில் பணியாற்றிய ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலச் சிவில் அதிகாரி, பழைய கச்சேரிக் குறிப்புகளையும் ஊர் வழக்குகளையும் தேடி 1895இல் வன்னி மாவட்டங்களின் கைநூலை வெளியிட்டார். பிறகு வந்த வரலாற்றாசிரியர் பலருக்கும் அதுவே முதற்கை. கற்சிலைமடுவுக்குப் பின்னரும் பண்டாரவன்னியன் உயிரோடிருந்தான், கண்டி எல்லைப்புறத்தில் ஒதுங்கியிருந்து மீண்டும் எதிர்ப்பைத் தொடர்ந்தான், உடையாவூரில் நடந்த சண்டையில் காயமுற்றுப் பனங்காமத்துக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே உயிர் நீத்தான் என்று அவர்கள் எழுதுவர். ஆண்டு 1811 என்பர். 1810 என்பாரும் உளர். இதை ஏற்றால் அவனது புகழ் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒரு நாள் சண்டையில் மடிந்தவனை விட, தோற்ற பின்னும் ஏழெட்டு ஆண்டுகள் காட்டிலே பசியும் காய்ச்சலும் தாங்கிப் பணியாது நின்றவன் எவ்வகையில் குறைந்தவன்?

இனி, அவனது இல்வாழ்வு. குருவிச்சி நாச்சியார் அவன் மனங்கவர்ந்தவள் என்றும், அவன் மாண்டான் என்று கேட்டுக் கார்த்திகைக் கிழங்கை உண்டு உயிர்விட்டாள் என்றும் கதை வழங்குகின்றது. சகோதரி நல்லநாச்சாளைக் காக்கை வன்னியன் பெண் கேட்டான், மறுக்கப்பட்டான், அந்த வஞ்சத்தால் ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்தான் என்பது மற்றக் கதை. முள்ளியவளை தந்த முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் நாடகமும், தமிழகத்தில் கலைஞர் கருணாநிதி எழுதிய நாவலும் பண்டாரவன்னியனைக் கடல் கடந்தும் கொண்டு சென்றன.

இக்கதைகளை ஏனைய பழங்கதைகளோடு வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. காக்கை வன்னியன் என்ற பெயரில் காட்டிக்கொடுத்தவன் யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலி மன்னன் கதையிலேயே வருகின்றான். அது பண்டாரவன்னியனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்திய காலம். துரோகிக்கு நம் முன்னோர் வைத்த பொதுப்பெயராக அது ஆகிவிட்டது போலும். அவ்வாறே கணவனுக்குப் பின் உயிர்விடும் குருவிச்சி நாச்சியாரிடத்தில் தீப்பாய்ந்த நாச்சிமாரின் சாயல் தெரிகின்றது. பதிவு எழுதிய ஆங்கிலேயனுக்கு வேண்டியது எத்தனை துவக்கு, எத்தனை பீரங்கி, எத்தனை கைதி என்பதே. எதிரியின் மனைவி பெயர் அவனுக்கு எதற்கு? அவன் விட்ட வெற்றிடத்தை மக்கள் தாம் அறிந்த கதைகளால் நிரப்பினர். அக்கதைகளை மேடையில் ஆடுவதும் பாடுவதும் தகும். வமிச அட்டவணையில் அவற்றை எழுதி, இன்னார் இன்னாரின் வழித்தோன்றல் என்று உரிமை கொண்டாடுவது தகாது. கூத்துக்கும் குடிவழிக்கும் சாட்சி வேறு வேறு.

நமது ஊர் மக்களுக்கு இது தூரத்து விடயமன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னியின் பல குடும்பங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி, சாதகக் குறிப்பு யாவற்றையும் இழந்தன. பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கச் சென்றவர்கள், பாட்டனின் பெயரும் பாட்டியின் ஊரும் தெரியாது திகைத்ததும் உண்டு. இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் நாடளாவிய ஒழுங்குக்கு வந்தது 1860களின் இறுதியிலேயே. அதற்கு முந்தியவற்றைத் தேடுவோர் தேவாலயப் பதிவேடுகளையும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் காக்கப்படும் ஒல்லாந்தர் கால ஏடுகளையும் நாட வேண்டும். ஊர்க் கோயிலின் உபயகாரர் வரிசை, திருவிழாக் கணக்கு, கல்லில் வெட்டிய உபயப் பெயர், காணி உறுதியில் எல்லை சொல்லும் பக்கத்துக் காணிக்காரன் பெயர் என்பனவும் சாட்சிகளே. ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதிய பழைய கொப்பி கூட இரண்டு குடும்பங்களின் உறவைக் காட்டிவிடும். முதியோர் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைத் திகதியிட்டு எழுதி வைப்பது எல்லாவற்றிலும் இலகு.

கற்சிலைமடுக் கல் 2010ஆம் ஆண்டு உடைக்கப்பட்ட நிலையில் காணப்பட்டது. ஏறக்குறைய இரு நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய கல் அது. அதன் வாசகம் அதற்கு முன்பே நூல்களில் படியெடுக்கப்பட்டிருந்தமையால் 31 என்ற திகதியும் தோற்கடித்தான் என்ற சொல்லும் நமக்குத் தப்பின. வவுனியா நகரிலே பண்டாரவன்னியனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் அங்கு மாலை அணிவிக்கப்படுகின்றது. திதி தெரியாத முன்னோருக்காக நமது சமயம் புரட்டாதி மாளய பட்சத்தை ஒதுக்கி வைத்திருக்கின்றது. அப்பதினைந்து நாளில் பெயர் அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் எள்ளும் நீரும் ஒன்றாகவே இறைக்கப்படுகின்றன. பனங்காமத்திலே காயத்தோடு கிடந்து கண்மூடிய வன்னியனுக்கும், பெயர் எழுதப்படாத அவன் வீட்டுப் பெண்களுக்கும் அந்த நாட்களில் ஒரு கைப்பிடி எள் உரியது.