மிச்சமான நிலக்கரிக்குக் காசு வாங்கிய ஜேம்ஸ் வாட்

கெட்டில் மூடி ஆடுறதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடிச்சார்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஆனா 1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊரில் அவர் பிறந்தபோதே, நியூகோமனின் எஞ்சின்கள் 20 வருஷத்துக்கும் மேலாக சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. வாட் கை வைத்தது அதோட நிலக்கரிச் செலவில்தான்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்ப்பது அவர் வேலை. 1763-64 வாக்கில் ரிப்பேருக்கு வந்த ஒரு நியூகோமன் மாடலை ஓட்டிப் பார்த்தார். சின்ன எஞ்சின், ஆனா நீராவியைக் குடிச்சுத் தள்ளுது. காரணம் தெர்மோ படிச்ச நமக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி நீராவியைச் சுருக்குகிறார்கள். அடுத்த ஸ்ட்ரோக்கில் அந்தச் சிலிண்டரை மறுபடி சூடாக்கவே பாதி நீராவிக்கு மேல் போயிடும். 1765-ல் வாட் யோசித்த வழி: சிலிண்டர் சூடாகவே இருக்கட்டும், நீராவி சுருங்கத் தனியா ஒரு கண்டென்சர் இருக்கட்டும். 1769-ல் காப்புரிமை வாங்கினார். பணம் போட்ட ரோபக் திவாலாக, பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் கூட்டாளியானார். நாடாளுமன்றச் சட்டம் மூலம் காப்புரிமை 1800 வரை நீண்டது.

புது எஞ்சினுக்கு, பழையது தின்பதில் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி போதும். அப்படியும் எல்லாரும் ஓடி வந்து வாங்கிடலை. நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்கு விற்காத தூள் கரி காலடியிலேயே கிடந்தது. அவங்களுக்கு நியூகோமனே போதும். கார்ன்வால் கதை வேற. அங்கே செம்பும் தகரமும் உண்டு, நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வரணும். ஆகவே வாட்டுக்கு மார்க்கெட் அங்கேதான்.

விலை பேசிய விதம்தான் செம. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு, எவ்வளவு நிலக்கரி மிச்சமோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வருஷா வருஷம் கட்டணும். எஞ்சினின் பீமில் ஒரு கவுண்டர், பூட்டிய பெட்டிக்குள். ஸ்ட்ரோக்குகளை எண்ணிக் கணக்குப் போடுவார்கள். இன்றைய எஸ்கோ கம்பெனிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் சந்தோஷமாக ஒப்புக்கொண்ட சுரங்கக்காரர்களுக்கு, செம்பு விலை விழுந்ததும் இந்தப் பணம் உறுத்த ஆரம்பித்தது. பழைய எஞ்சின்தான் இப்போ இல்லையே, இன்னும் எதுக்கு அதோட ஒப்பிட்டுக் கட்டணும்னு ஆதங்கம். ஜோனதன் ஹார்ன்புளோவர் இரண்டு சிலிண்டர் எஞ்சின் செய்தார். எட்வர்ட் புல் இன்னொரு வடிவம் செய்தார். இரண்டு பக்கமும் வழக்கு பாய்ந்தது. 1799-ல் தீர்ப்பு வாட் பக்கம் உறுதியானது. உயர் அழுத்த நீராவியையும் வாட் கடைசிவரை ஏற்கவில்லை. பாய்லர் வெடிக்கும்ங்கிற பயம் அந்தக் காலத்துக்கு நியாயம்தான். ஆனா மத்தவங்க கையையும் கட்டிப்போட்டதை என்னால் அவ்வளவு சுலபமா நியாயப்படுத்த முடியலை.

1800-ல் காப்புரிமை முடிந்தது. 1811-லிருந்து கார்ன்வாலில் ஜோயல் லீன் என்பவர், எந்தச் சுரங்கத்து எஞ்சின் ஒரு புஷல் நிலக்கரிக்கு எவ்வளவு வேலை செய்யுதுன்னு மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டார். எஞ்சினியர்களுக்குள் போட்டி சூடுபிடித்தது. ட்ரெவிதிக் உயர் அழுத்த நீராவியைக் கொண்டுவந்தார். 1840-களுக்குள் அதே ஒரு புஷலில் கிடைத்த சராசரி வேலை சுமார் மூன்று மடங்கானது.

வாட் அதை முழுசாகப் பார்க்கவில்லை. 1800-லேயே தொழிலிலிருந்து ஒதுங்கி, பர்மிங்ஹாம் பக்கம் ஹீத்ஃபீல்டு வீட்டின் மாடிப் பட்டறையில் சிலைகளை நகலெடுக்கும் மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 1819 ஆகஸ்டில் அந்த வீட்டிலேயே இறந்தார்.