சித்திரத்திற்கு உயிர் கொடுத்த செம்மல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் பெரியோர். ஆனால் முளைத்த பயிர் கதிர் முற்றி வீடு வந்து சேரும்வரை எத்தனை புயலுக்கும் வெள்ளத்திற்கும் தப்ப வேண்டியிருக்கிறது! அவ்வாறு போர், கடன், நோய் ஆகிய மூன்றுக்கும் நடுவில் தம் கலையை வளர்த்தவர் ஜப்பான் நாட்டின் ஒசாமு தெசுகா. ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைத் தொலைக்காட்சியில் கண்டு களிக்கும் நாம், அவற்றிற்கு வழி வகுத்த இப்பெரியாரைப் பற்றி அறிய வேண்டாமா?

தெசுகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஒசாகா மாநிலத்திலுள்ள டோயோனாகா என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்ததோ டகராசுகாவில். அவ்வூர், பெண்களே ஆண் வேடமும் ஏற்று நடிக்கும் இசை நாடகங்களுக்குப் பெயர் பெற்றது. தாயார் அவரை அந்நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். தந்தையார் வீட்டிலேயே சிறிய படக்கருவி ஒன்றை வைத்து வால்ட் டிஸ்னி, சார்லி சாப்ளின் ஆகியோரின் படங்களைக் காட்டுவார். பள்ளியில் கண்ணாடி அணிந்த அச்சிறுவனைப் பிள்ளைகள் கேலி செய்தனர். அவரோ படம் வரைந்து காட்டியே அவர்களை நண்பர்களாக்கிக் கொண்டார். பூச்சிகளிடம் கொண்ட ஆசையால், பூச்சி எனப் பொருள்படும் எழுத்தொன்றைத் தம் பெயருடன் சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார்.

இரண்டாம் உலகப் போர் அவரையும் விட்டு வைக்கவில்லை. படிக்க வேண்டிய வயதில் தொழிற்சாலையில் வேலை செய்தார். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஒசாகாவில் ஒரு திரையரங்கில், கடற்படைக்காக எடுக்கப்பட்ட மோமோதாரோ என்னும் கார்ட்டூன் படத்தைப் பார்த்தார். போர்ப் பிரசாரப் படமாயினும் அதன் அழகு அவர் கண்களில் நீரை வரவழைத்தது. என்றாவது ஒரு நாள் தாமும் இப்படி ஒரு படம் எடுப்பது என்று அந்தப் பதினாறு வயது மாணவர் உறுதி பூண்டார். இரண்டே மாதங்களில் ஒசாகா நகரின் மேல் குண்டுமழை பொழிந்தது. அதில் அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். உயிரின் அருமையை அன்று உணர்ந்தவர், பிற்காலத்தில் தம் கதைகளிலெல்லாம் அதையே வலியுறுத்தினார்.

போர் முடிந்த பின் மருத்துவம் பயின்றார். படித்துக்கொண்டே 1946 முதல் பத்திரிகைகளுக்குச் சித்திரக்கதை வரைந்தார். மருத்துவமா, சித்திரமா என்று மனம் ஊசலாடியபோது, எது உனக்கு உண்மையில் பிடிக்கிறதோ அதையே செய் என்று வழிகாட்டியவர் அவருடைய தாயார். ஆயினும் தொடங்கிய படிப்பை அவர் பாதியில் விடவில்லை. மருத்துவத் தேர்விலும் வென்றார்; 1961-இல் நத்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டமும் பெற்றார்.

1952-இல் அவர் படைத்த ஆட்டம் என்னும் இயந்திரச் சிறுவன் ஜப்பானியப் பிள்ளைகளின் உள்ளங்களைக் கவர்ந்தான். விபத்தில் மகனைப் பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர், அவனைப் போலவே ஓர் இயந்திரத்தைச் செய்கிறார். அது வளரவில்லை என்று கண்டதும் சர்க்கஸுக்கு விற்று விடுகிறார். தந்தையால் கைவிடப்பட்ட அச்சிறுவனே மனிதர்களைக் காப்பாற்றுகிறான்! 1953-இல், இளவரசனாக வளர்க்கப்படும் ஓர் இளவரசியின் வீரக் கதையைப் பெண் குழந்தைகளுக்காகவே வரைந்தார். இளமையில் கண்ட டகராசுகா நாடகங்களே அதற்கு வித்து.

இளமைக் கனவு அவரை விடவில்லை. சித்திரக்கதையில் ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். 1962-இல் அது முஷி புரொடக்‌ஷன் என்னும் பெயர் பெற்றது. 1963-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று ஆட்டம் சிறுவன் தொலைக்காட்சியில் பறந்து வந்தான். வாரந்தோறும் அரைமணி நேரம்! திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அத்தனையும் வரைய ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ஒரே சித்திரத்தை மூன்று முறை படம் பிடித்தனர். பேசும் போது வாயை மட்டும் அசைத்தனர். ஒருமுறை வரைந்ததைச் சேமித்து வைத்து மீண்டும் பயன்படுத்தினர். குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் 1966 முடிய 193 பகுதிகள் வெளிவந்தன. ஆஸ்ட்ரோ பாய் என்ற பெயரில் அமெரிக்காவிலும் ஓடின. 1965-இல் வெள்ளைச் சிங்கக்குட்டியின் கதையை வண்ணத் தொடராக வெளியிட்டார்.

ஆனால் ஒரு தவறும் நேர்ந்தது. செலவைவிடக் குறைந்த விலைக்குத் தொடரைக் கொடுக்க அவர் இசைந்தார். அந்தக் குறைந்த விலையே பின்னர் வழக்கமாகி, சித்திரக் கலைஞர்களின் ஊதியத்தைக் குறைத்து விட்டது என்று இன்றும் அவரைக் குற்றம் சாட்டுவோர் உண்டு. அவரும் தப்பவில்லை. 1971-இல் தலைவர் பதவியை விட்டு விலகினார். 1973-இல் முஷி நிறுவனம் திவாலாயிற்று. கடன் சுமை அவர் தலையில் விழுந்தது. அவருடைய காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அவர் சோர்ந்து விடவில்லை. அதே 1973-இல் பிளாக் ஜாக் என்னும் அறுவை மருத்துவரின் கதையைத் தொடங்கினார். தாம் கற்ற மருத்துவக் கல்வியே இடர் வந்த காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது! மீண்டும் புகழ் திரும்பியது. 1984-இல் ஜம்பிங் என்னும் அவரது குறும்படம் யுகோஸ்லாவிய நாட்டின் ஜாக்ரெப் விழாவில் பெரும் பரிசு பெற்றது. இத்தாலியத் தொலைக்காட்சியினருடன் இணைந்து, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுக் கதைகளை 26 பகுதிகள் கொண்ட தொடராக்கும் பணியையும் மேற்கொண்டார். அது நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவருக்குப் பின் ஒசாமு டெசாகி அதை முடித்தார்.

வயிற்றில் புற்றுநோய் கண்டு மருத்துவமனையில் கிடந்த போதும் தெசுகா வரைவதை நிறுத்தவில்லை. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் மறைந்தார். அவர் வரைந்த பக்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் என்பர். 1994-இல் டகராசுகாவில் அவர் பெயரால் நினைவுக் காட்சியகம் திறக்கப்பட்டது.

அன்புத் தோழியரே! தெசுகா தோல்வியே காணாதவர் அல்லர். தோற்ற மறுநாளே எழுதுகோலைக் கையில் எடுத்தவர். படித்த படிப்பு எதுவும் வீணாவதில்லை என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. தேர்வு நெருங்கும் இவ்வேளையில், பிடித்த பாடத்தோடு பிடிக்காத பாடத்தையும் முழுமையாகக் கற்போம். நம் உள்ளத்து ஆசையைக் கேட்டறிந்து ஊக்குவிக்கும் பெற்றோரையும் ஆசிரியரையும் நன்றியுடன் போற்றுவோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி